உங்கள் அட்டையில் இருக்கும் மற்றப் பெயர்

யாரையும் ஒரே பார்வையில் நம்பாத என் அன்பு அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களைத் தவிர வேறு ஆட்களும் படிப்பார்கள். அதனால் ஊரின் பெயரை எழுதவில்லை. முருங்கனில் இறங்கி, கடல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் வரும் ஊர்களில் ஒன்று என்பதோடு விடுகிறேன். சின்னம்மா கீரியில் இருக்கிறார் என்று எழுதுவேன். உண்மையில் கீரிதானா என்று யாரும் போய்த் தேட வேண்டாம். என் பெயரும் இதில் வராது. இவ்வளவு செய்தும் உங்களுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். "எழுத்தைப் பாத்தே ஆளைப் பிடிச்சிடுவாங்கள் பிள்ளை" என்பீர்கள்.

அம்மா, நான் வந்துவிட்டேன். இருபது வருடம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு, சண்டை முடிந்து ஊரில் ஆட்களைக் குடியேற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதலில் நான் மட்டும் வந்திருக்கிறேன். அவரும் உங்கள் பேத்தியும் இன்னும் அங்கேதான். ஊரில் தலைக்குமேல் ஒரு கூரை உண்டு என்று நான் சொன்ன பிறகுதான் புறப்படுவார்கள். கோயிலுக்குப் பாதிக் கூரை போட்டாகிவிட்டது. கடற்கரைப் பாதையில் மிதிவெடி எடுத்தாயிற்று என்று பலகை நட்டிருக்கிறார்கள். அந்தப் பலகையை நான் நம்பவில்லை. ஒரு மாடு வரும்வரை காத்து நின்று, அதை முன்னால் போகவிட்டு, பின்னால்தான் போனேன்.

மற்றக் கதைகளை ஆறுதலாகச் சொல்கிறேன். முதலில் நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். எங்கள் வளவுக்குள் தறப்பாள் கொட்டில் போட்டுக்கொண்டு ஒரு பெண் இருக்கிறாளே, அவள் யார்?

அவளிடம் உங்கள் குடும்ப அட்டை இருக்கிறது. அதில் உங்கள் பெயருக்குக் கீழே 'மகள்' என்று ஒரு பெயர். அது என்னுடைய பெயர் இல்லை. என் தங்கச்சியின் பெயர். நாலு மாதத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போன தங்கச்சி. எனக்கு அப்போது ஏழு வயது. அந்தச் சின்னப் பெட்டியை அப்பா தனியாகவே தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவள் நான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முப்பது வயதில் ஒருத்தி எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளினால் நான் என்ன நினைப்பது?

கள்ளி என்றுதான் நினைத்தேன். உங்கள் பிள்ளை வேறு எப்படி நினைப்பாள்?

நீங்கள் என்னை அப்படித்தானே வளர்த்தீர்கள். மீனின் செவுளை ஒருமுறை தூக்கிப் பார்ப்பீர்கள், பிறகு மீன்காரரின் முகத்தைப் பார்ப்பீர்கள், பிறகு திரும்பவும் செவுளைத் தூக்குவீர்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் பங்குச் சாமியிடம் முக்கால்வாசிதான் சொல்லுவன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அவர் உள்ளே இருந்து பலகாரம் சாப்பிடும்போது, நீங்கள் வாசலில் அவருடைய செருப்பைப் புரட்டி அடியைப் பார்த்தீர்கள். குதி ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது, ஆள் பரவாயில்லை என்று பிறகு என் காதில் சொன்னீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆசுபத்திரி மருந்தை முதலில் நீங்கள் குடிப்பீர்கள். குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து, உங்களுக்கு ஏதும் செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிறகுதான் எனக்கு. அப்போது அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது என் மகளுக்கு மருந்து கொடுக்கும்போது நானும் அதையே செய்கிறேன். முகாமில் எனக்குச் 'சிஐடி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், தெரியுமா?

ஆனால் அன்றைக்குப் படலையடியில் நான் கண்ட சிஐடி என்னைவிடப் பெரியவள். இந்தக் கடிதத்தில் அவளைத் தவமணி என்று கூப்பிடுகிறேன். நான் வெளியே நின்றேன். அவள் உள்ளே நின்றாள். படலையைத் திறக்கவில்லை.

"ஆர் நீங்கள்?" என்றாள்.

"இது என்ர அம்மான்ர வளவு. நீர் ஆர்?"

"நான் அவவின்ர மகள்."

"நானும் அவவின்ர மகள்தான். இந்தியாவில இருந்து வாறன்."

அவள் என்னைக் காலில் இருந்து தலைவரை பார்த்தாள். செருப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு, "அப்பிடியெண்டா ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. நீங்கள் வள்ளம் ஏறேக்க அம்மா உங்கட கையில என்ன தந்து விட்டவ?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. சொந்த வளவின் படலையில் நின்று நான் சோதினை எழுத வேண்டுமா? அதிலும் இந்தக் கேள்வியா? இருபது வருடமாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. றோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"ஒண்டும் தரேல்ல! அவ கரைக்கே வரேல்ல!"

அவள் உடனே படலையைத் திறந்துவிட்டாள். "ஓம். அதுதான் சரி" என்றாள். "சங்கிலி தந்தவ, செபமாலை தந்தவ எண்டு ஆரும் சொன்னா, ஆள் பொய், திறக்காத எண்டு அம்மா சொல்லி வச்சவ."

அப்படியானால் நான் ஒருநாள் வருவேன் என்று நினைத்திருந்தீர்கள். என் பெயரில் வேறு ஒருத்தி வரலாம் என்றும் நினைத்திருந்தீர்கள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் அழவில்லை. தனியாக இருந்த ஒரு வயதுபோன மனுசியிடம் பேச்சுக் கொடுத்து இதையெல்லாம் கறந்து எடுத்திருக்கலாமே என்று உடனே தோன்றிவிட்டது.

கீரிக்குப் போய்ச் சின்னம்மாவிடம் கேட்டேன். அவருக்கு ஆத்திரம் பொங்கியது. "அக்கா ஒரு பெட்டையை வளத்தவ எண்டா கூடப்பிறந்த எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்க மாட்டாவோ? அவள் முருங்கன் பக்கத்துக் கமக்காரற்ற பெட்டையாம். வேதக்காரியும் இல்லையாம். அக்கா மடுவில சாகக்கிடக்கேக்க அட்டையைச் சுருட்டியிருப்பாள். ஜி.எஸ்.ஸிட்டச் சொல்லிப் பேரை வெட்டு பிள்ளை. இல்லாட்டி நீயும் உன்ர மனுசனும் மண்டபத்திலயே கிடக்க வேண்டியதுதான்."

சின்னம்மா கடைசியாகச் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஊர் ஜி.எஸ்., அதாவது கிராம அலுவலரும், அதையேதான் சொன்னார். வீட்டுத்திட்டத்தில் ஒரு வளவுக்கு, ஒரு அட்டைக்கு, ஒரு வீடு. "வியாழக்கிழமை ரெண்டு பேரும் கந்தோருக்கு வாங்கோ. இவ எங்கட குடும்பம் இல்லையெண்டு நீங்கள் எழுதித் தந்தால் அவவின்ர பேரை வெட்டிப்போட்டு உங்கட பேரில பதியிறன். பிறகு அவ வேற இடம் பாக்க வேண்டியதுதான்" என்றார். எனக்கு ஐந்து நாள் கிடைத்தது.

அந்த ஐந்து நாளும் அவளை உளவு பார்த்தேன். இருந்தது ஒரே கொட்டில். நடுவில் சேலையொன்றைத் தொங்கவிட்டு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். அவள் அட்டையைச் சட்டைக்குள் வைத்துப் படுத்தாள். முதல்நாள் காலையில் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். அவள் குடிக்கட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் குடிக்கட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் அவள் என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, தன்னுடையதை என் பக்கம் தள்ளினாள். புது ஆட்கள் வீட்டில் நீங்கள் செய்வது அதேதானே.

இருந்தாலும் விடவில்லை. ஞாயிறு பூசைக்கு அவள் வரவில்லை. சிலுவை போடுவதையும் நான் காணவில்லை. உங்களோடு பதினைந்து வருடம் இருந்தவளாம், மடுமாதாவின் நிழலில் இருந்தவளாம், வீட்டில் ஒரு மாதா படம் இல்லை. செவ்வாய்க்கிழமை நேரடியாகவே கேட்டேன்.

"அருள் நிறைந்த மரியே சொல்லும் பாப்பம்."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். என் முகத்தையே பார்த்தாள். "ஏலாது" என்றாள்.

அம்மா, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பொழுதுபடச் செபமாலை சொல்லாமல் சோறு போடாதவர் நீங்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தச் செபம் தெரியாமல் இருக்க முடியுமா? பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று மத்தியானமே ஒரு தாளில் எழுதினேன்: இவர் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல, இவர் பாவிக்கும் பெயர் சிறுவயதில் இறந்த என் தங்கையுடையது. கையெழுத்தும் வைத்துப் பைக்குள் வைத்தேன்.

புதன்கிழமை பொழுதுபடும் நேரம், வழக்கம்போல நான் என் பாட்டில் செபமாலையை எடுத்தேன். எங்கள் வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் முதல் பாதியைச் சொல்லித் தொடங்குவார், மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லி முடிப்பார்கள். தனியாக இருந்தால் இரண்டையும் நாமே சொல்ல வேண்டும். நான் முதல் பாதியைச் சொல்லி முடித்து மூச்சு எடுத்தேன். நான் வாயைத் திறக்குமுன் சேலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து இரண்டாம் பாதி வந்தது.

சும்மா வரவில்லை. நீங்கள் எனக்குப் பழக்கிய வேகத்தில் வந்தது. கடைசி ஆமெனை எல்லோரும் இழுக்க, எங்கள் வீட்டில் மட்டும் டக்கென்று வெட்டுவோமே, அந்த வெட்டோடு வந்தது. நான் நிறுத்தினேன். அவளும் நிறுத்திவிட்டாள். நான் அடுத்த மணியைப் பிடித்துத் தொடங்கினேன். அவள் முடித்தாள். ஐம்பத்து மூன்று மணியும் அப்படியே போனது. ஒருமுறையாவது அவள் தொடங்குவாளா என்று நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்து பார்த்தேன். தொடங்கவில்லை. காத்துக்கொண்டு இருந்தாள்.

"ஏலாதெண்டு சொன்னீர்?" என்றேன்.

"தொடங்க ஏலாது அக்கா. அம்மாதான் தொடங்கிறவ. நான் மற்றப் பாதி. அவ போனாப் பிறகு சொல்ல ஆளில்லை" என்றாள்.

பிறகுதான் சேலையை விலக்கிவிட்டு இருந்து கதைத்தோம். சண்டைக்குப் பயந்து, நீங்களும் அடைக்கலம் புகுந்த மடுக் கோயிலுக்கு ஓடும் வழியில் அவளுடைய தாயும் தகப்பனும் செத்துப்போனார்களாம். பத்து வயதில் கோயில் வளவுக்குள் ஒரு பாலை மரத்தடியில் தனியாக இருந்தாளாம். நீங்கள் எட்டு நாள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்பதாம் நாள்தான் கிட்டப் போனீர்களாம். போய், "உனக்கு ஆர் சோறு தாறது? ஏன் தாறாங்கள்?" என்று கேட்டீர்களாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். எட்டு நாள் பார்க்காமல் நீங்கள் ஒரு பூனைக்குட்டியைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை.

தனிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போக அந்த நாட்களில் பலபேர் வந்தார்கள். யார் யார் என்று நான் எழுத மாட்டேன். அப்போதுதான் நீங்கள் தங்கச்சியின் பிறப்புப் பத்திரத்தையும் ஞானஸ்நானப் பத்திரத்தையும் வெளியே எடுத்திருக்கிறீர்கள். "ஆர் கேட்டாலும் இதுதான் உன்ர பேர். நித்திரையிலயும் பிசகக் கூடாது. ஆனா உன்ர தாய் வச்ச பேரை மறந்திடாத" என்று சொன்னீர்களாம். வெள்ளிக்கிழமைகளில் அவள் தன் சாமியைக் கும்பிட நீங்கள் வாசலில் காவல் இருப்பீர்களாம். "கடதாசியில மட்டும் மாறினாப் போதும், ஆள் மாறத் தேவையில்லை" என்பீர்களாம். சின்னம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சின்னம்மா நல்லவவாம், வாய்தான் நம்பேலாதாம்" என்றாள். இதை நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். வேறு யாருக்கும் இப்படி அளந்து சொல்ல வராது.

கடைசியாக அவள் ஒன்று சொன்னாள். "அக்கா, அண்டைக்கு அம்மா ஏன் கரைக்கு வரேல்ல எண்டு தெரியுமே? தான் கரைப்பக்கம் போனா, இவ இந்த நேரத்தில ஏன் போறா எண்டு ஆக்கள் பாப்பினமாம். வள்ளம் போறது காட்டிக்குடுபட்டிடுமாம். அதுதான் சந்தியில நிண்டு மீன்காரரோட பெரிய சண்டை பிடிச்சவவாம். ஊர் முழுக்க வேடிக்கை பாக்க அங்க வந்திட்டுதாம். வள்ளம் தூரப் போட்டுது எண்டு தெரியுமட்டும் நிப்பாட்டேல்லையாம். பிறகு மூண்டு நாள் குரல் இல்லையாம்."

அம்மா, அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. வள்ளத்தடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டேன். மகள் நாட்டைவிட்டுப் போகிற நாளிலும் இவவுக்கு மீன் சண்டைதானா என்று மனம் கசந்துதான் ஏறினேன். அந்தக் கசப்பை இருபது வருடம் வைத்திருந்தேன். நீங்கள் கண்மூடிய செய்தி வந்த அன்றும்கூட, அழுகைக்கு நடுவில் அந்த நினைப்பு வந்தது. எல்லோரையும் சந்தேகித்த எனக்கு அந்தச் சண்டையைச் சந்தேகிக்க ஒருநாளும் தோன்றவில்லையே. நீங்கள் தொண்டை கிழியக் கத்தியது எனக்காக என்று எனக்கு ஏன் தெரியாமல் போனது? என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா.

வியாழக்கிழமை கந்தோருக்குப் போனோம். பை என் தோளில் இருந்தது. எழுதிய தாள் பைக்குள் இருந்தது. அதை ஏன் இன்னும் கிழிக்கவில்லை என்று கேட்காதீர்கள். நான் உங்கள் பிள்ளை.

கிராம அலுவலர் மேசையில் இன்னொரு தாளை எடுத்து வைத்தார். "கீரியில இருந்து ஒரு பெட்டிசம் வந்திருக்கு. உங்கட தங்கச்சி சின்னனிலயே செத்திட்டுதாம். உண்மையோ?" என்று கேட்டார்.

தவமணி என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். போகச் சொன்னால் எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கிறவளின் பார்வை அது. அந்தப் பார்வையை நான் முகாமில் நிறையக் கண்டிருக்கிறேன். அதில் நடிப்பு இருக்க முடியாது.

"மரணப் பதிவு இருக்கோ ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லை. தேடிப் பாத்தாச்சு. அப்பிடி ஒண்டும் பதியேல்ல."

"அப்ப எப்பிடி ஐயா நம்புறியள்? இந்த ஊரில ஆர் செத்தது, ஆர் உயிரோட எண்டு வாயால சொல்லுறவையளை நான் நம்பிறதில்லை."

"சரி. அப்ப இவ உங்களுக்கு ஆர்?"

"என்ர தங்கச்சி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. "வீடு ஒண்டுதான் வரும். ரெண்டு அறை. ரெண்டு குடும்பமும் அதுக்குள்ளதான் இருக்க வேணும், பிறகு என்னட்ட வந்து அழக் கூடாது" என்று சொல்லிக்கொண்டு, அட்டையில் என் பெயரையும் எழுதினார். அவள் பெயருக்குக் கீழேதான் இடம் இருந்தது.

வெளியே வந்ததும், "ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"எனக்கு உன்னில இன்னும் முழு நம்பிக்கை வரேல்ல. கெதியா நட, பஸ் போகப்போகுது" என்றேன்.

சின்னம்மா இப்போது என்னோடு கதைப்பதில்லை. உங்கள் மருமகன் போனில், "உனக்கென்ன விசரே? ஆரெண்டே தெரியாதவளோட ரெண்டு அறைக்குள்ள எப்பிடி இருக்கிறது?" என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு, எப்போது வரலாம் என்று கேட்டார். தவமணியிடம் சொல்லியிருக்கிறேன், அவர் வந்து இறங்கியதும் செருப்பின் அடியைப் பார்க்கச் சொல்லி.

எனக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை அம்மா. தங்கச்சியின் மரணத்தை நீங்கள் ஏன் பதியவில்லை? கந்தோர்க்காரரை நம்பாததால்தான் என்று முதலில் நினைத்தேன். இப்போது எனக்கு வேறு சந்தேகம். அவள் செத்ததையே நீங்கள் நம்பவில்லையோ? அந்தப் பத்திரங்களை வைத்துக்கொண்டு யாருக்காகவோ காத்திருந்தீர்களோ? இல்லை, நான் வள்ளம் ஏறிப் போன வெறுமையில்தான் அந்தப் பாலை மரத்தடிக்குப் போனீர்களோ? தவமணியிடம் கேட்டால், தெரியாது என்கிறாள். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

கேட்டு வாங்கிக்கொள்வேன். அவசரம் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே எட்டு நாளுக்குமேல் இருக்கப் போகிறோம்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாராவது வந்து, இவள் உங்கள் பிள்ளை இல்லை என்று சொன்னால், சொல்லுகிறவரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்